கேட்டுக்கு வெளியே பத்து கிரெடிட்

இரண்டாம் சனிக்கிழமை. பேங்க் லீவு. வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மகன் வந்தான். தோளில் பை, பைக்குள் ஃபைல், ஃபைலுக்குள் கல்லூரி கொடுத்த போனஃபைடு சர்டிபிகேட்டின் பத்து நகல். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் கடைசி வருஷம். வளவனூரில் காலை முதல் ரயிலைப் பிடித்து விழுப்புரம் போய், அங்கிருந்து பஸ் மாறி மாறி ஒரகடம் வரைக்கும் மூன்று நாள் போய்வந்திருக்கிறான்.

"இன்னாடா ஆச்சி?"

"கேட்டுலயே நிறுத்திட்டாங்க மாமா. யாரப் பாக்கணும், ரெஃபரன்ஸ் யாருன்னு கேக்கறான் செக்யூரிட்டி. யாரும் இல்லன்னேன். அப்ப எதுக்கு வந்தன்றான்."

ஒரே ஒரு கம்பெனியில் உள்ளே விட்டிருக்கிறார்கள். எஃப்.எம். ரேடியோ குரலில் பேசிய ஒரு ஹெச்.ஆர். அதிகாரி மார்க் ஷீட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாராம்: "நேட்டிவ் எங்க?" வளவனூர். "வளவனூர்ல எங்க?" தெருப் பெயரைச் சொல்லியிருக்கிறான். "அப்பா என்ன பண்றார்?" கரும்பு வெட்டு. "ஓகே, மெயில் பண்றோம்." அந்த மெயில் இந்தக் கட்டுரை எழுதும்வரை வரவில்லை. மார்க் ஷீட்டில் இருந்த 8.2 பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தெருவைப் பற்றி ஒன்று, அப்பாவைப் பற்றி ஒன்று. அதோடு நேர்காணல் முடிந்தது.

அவனோடு அதே பெஞ்சில் படிக்கும் இன்னொருவன் ஒரே போனில் காரியத்தை முடித்துவிட்டான். அவனுடைய பெரியப்பா ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். அவனுக்கு இருப்பது ஐந்து அரியர். கல்லூரிப் பதிவேட்டில் அவன் செய்வது 'இண்டஸ்ட்ரி புராஜெக்ட்'. என் அக்கா மகன் செய்யப்போவது 'இன்-ஹவுஸ் புராஜெக்ட்'. நாளைக்கு வேலைக்கு எடுக்க வருகிறவன் பயோடேட்டாவில் இந்த இரண்டு சொற்களைத்தான் பார்ப்பான். பெரியப்பாவைப் பார்க்கமாட்டான். இப்படித்தான் பெரியப்பா 'திறமை'யாக உருமாறுகிறார்.

இதை வெறும் சிபாரிசுப் பிரச்சினை, எல்லா ஏழைக்கும் உள்ளதுதானே என்று ஒதுக்கிவிட முடியாது. சிபாரிசு என்பதே இந்த நாட்டில் சாதிக்கு இன்னொரு பெயர். யாருக்குப் பெரியப்பா மேனேஜராக இருக்கிறார், யாருக்குப் பெரியப்பா மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கரும்புத் தோட்டத்தில் இருக்கிறார் என்பது தற்செயலா என்ன?

*

விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எட்டாம் பருவத்தில் 'புராஜெக்ட் வொர்க் / இன்டர்ன்ஷிப்' என்று ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு 20 பீரியட். 10 கிரெடிட். ஒரு சாதாரணப் பாடத்துக்கு 3 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் மூன்று பாடத்துக்கு மேல். நான்கு வருஷப் படிப்பில் இதைவிடக் கனமான ஒற்றைத் தாள் வேறு கிடையாது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2018இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயம் என்றது. கம்பெனிக்குப் போ, அங்கே உள்ள ஒரு சிக்கலை எடு, தீர்வு கண்டுபிடி, ரிப்போர்ட் எழுது, வைவாவில் நில்.

கேட்க நன்றாக இருக்கிறது. நன்றாகவும்தான் இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. லேத்தைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பட்டம் வாங்குகிற படிப்பு ஒரு படிப்பா? தொழிற்சாலையின் சத்தம், எண்ணெய் நாற்றம், ஷிப்டு மாறும் நேரத்துப் பரபரப்பு எல்லாம் எஞ்சினியரிங் பாடம்தான். நம் பிள்ளைகளுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் கேள்வி ஒன்றே ஒன்று. பத்து கிரெடிட்டைக் கொடுப்பது பல்கலைக்கழகம். அந்தப் பத்து கிரெடிட்டைச் சம்பாதிக்கும் இடத்தைக் கொடுப்பது யார்?

யாரும் இல்லை. 'நீயே தேடிக்கொள்' என்பதுதான் பெரும்பாலான கல்லூரிகளின் விதி. ஆறாம் பருவத்துக்கும் ஏழாம் பருவத்துக்கும் யாராவது பையனிடம், "பாடம் நடத்த வாத்தியாரை நீயே தேடிக்கொள், உன் மாமா வீட்டில் வாத்தியார் இருந்தால் பாஸ்" என்று சொல்வார்களா? எட்டாம் பருவத்துக்கு மட்டும் சொல்கிறார்கள்.

*

இடத்தில்தான் அரசியல் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை 14 இடங்களை எப்படிப் பிரித்தது? பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, (அன்றைய அரசு பாஷையில்) 'ஹரிஜனங்களுக்கு' 2, ஆங்கிலோ இந்தியர் இந்தியக் கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டது எல்லோருக்கும் தெரியும். மருத்துவக் கல்லூரி வழக்கு என்றே நினைவு வைத்திருக்கிறோம். கூடவே போன சி.ஆர்.சீனிவாசன் கேட்டது எஞ்சினியரிங் சீட். 1951இல் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது. அதே வருஷம் அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டு 15(4) வந்தது. அதாவது, எஞ்சினியரிங் காலேஜின் கதவைத் திறப்பதற்காக இந்த நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. பிறகு 2005இல் 93ஆவது திருத்தம் 15(5)ஐக் கொண்டுவந்து தனியார் கல்லூரிக்குள்ளும் நுழைய வழி செய்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு தமிழ்நாட்டில் சட்டமானது. என் அக்கா மகனே அந்த 7.5இல் வந்தவன்தான்.

எழுபது வருஷப் போராட்டம் அவனைக் கல்லூரி வாசலைத் தாண்ட வைத்தது. ஏழு பருவம் உட்காரவும் வைத்தது. எட்டாம் பருவத்தில் கல்வியின் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுபோய் இட ஒதுக்கீடு செல்லாத ஓர் இடத்தில், கம்பெனி கேட்டுக்குப் பின்னால், வைத்துவிட்டார்கள். யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. எந்த ஆணையையும் ரத்து செய்யவில்லை. பாடத்திட்டத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். இட ஒதுக்கீட்டை நேருக்கு நேர் எதிர்ப்பவனோடு சண்டை போட நமக்குத் தெரியும். பாடத்திட்டக் குழுவோடு சண்டை போட எப்போது கற்றுக்கொள்ளப் போகிறோம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலைப் பயிற்சியில் ஒதுக்கீடு என்பது இந்த நாட்டுக்குப் புதிதே இல்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961. அதில் 1973இல் சேர்த்த 3ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழில்களில் பழகுநர் இடங்களைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. தனியார் முதலாளிக்கும் சேர்த்துத்தான். 2007இல் 3பி வந்து பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தது. அதே சட்டத்தின் விதிகள் 2019இல் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9000 ரூபாய் என்றன. ஐ.டி.ஐ. பையனுக்காக யோசித்த சட்டம், எஞ்சினியரிங் பையனின் புராஜெக்டைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அவன் பழகுநர் இல்லை. தொழிலாளி இல்லை. மாணவன். மாணவன் என்றால் கல்லூரிக்குள் இருக்க வேண்டுமே, அங்கேயும் இல்லை. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5000 ரூபாய் என்றார்கள். ஆனால் முழுநேரப் படிப்பில் இருப்பவன் அதில் சேர முடியாது என்றும் சொன்னார்கள். கேட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நடு ரோட்டில் நிற்கிறான்.

*

"தொழிற்சாலைக்குச் சாதி கிடையாது, அதுக்கு வேலைதான் தெரியும்" என்று நம் முற்போக்குத் தோழர்களே சொல்வார்கள். பம்பாய் நூற்பாலைகளைப் பற்றி அம்பேத்கர் திரும்பத் திரும்பப் பேசியதை அவர்கள் படிக்கவில்லை போலும். நெசவுப் பிரிவில் தீண்டாதார் வேலை செய்ய முடியாது. ஏன்? நாடாவில் புது நூல் கோக்கும்போது வாயால் உறிஞ்ச வேண்டும். தீண்டாதவன் வாய் பட்ட நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளி தொடமாட்டான். கூலி அதிகமுள்ள பிரிவு நெசவு. கூலி குறைந்த பிரிவு நம்மவர்க்கு. நீராவி எந்திரம் வந்தது, மின்சாரம் வந்தது, தொழிற்சங்கம் வந்தது. எச்சில் மட்டும் அப்படியே இருந்தது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முகத்துக்கு நேரே கேட்டார். 1938இல் மன்மாடு ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டிலும் பேசினார்.

இன்றைக்கு நாடா இல்லை. எச்சிலுக்குப் பதிலாக 'ஃபேமிலி பேக்ரவுண்ட்' இருக்கிறது. சுக்தியோ தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தனியார் கம்பெனிகளின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். படிப்பு ஒன்றே, அனுபவம் ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்குக் கூப்பிடும் வாய்ப்பு ஒன்று என்றால் தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. அதே வருஷம் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்தார்கள். சாதியா, நாங்க பாக்கறதே இல்லையே என்றவர்கள்தான், குடும்பப் பின்னணி கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள்.

நம் ஊரில் பெயரை வைத்துச் சாதி தெரியாது. பெரியார் புண்ணியம் (அவர் இந்தச் சொல்லைக் கேட்டால் கைத்தடியை எடுப்பார்). அதனால்தான் இங்கே கேள்வி தெருவுக்குப் போகிறது. 'நேட்டிவ் எங்க', 'நேட்டிவ்ல எங்க', 'அப்பா என்ன பண்றார்'. மூன்றே கேள்வி. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆவணத்திலிருந்து எடுத்துவிடலாம். ஹெச்.ஆர். நாக்கிலிருந்து எப்படி எடுப்பது?

*

கேட்டுக்கு வெளியே நிற்பவன் எங்கே போவான்? புராஜெக்ட் சென்டருக்குப் போவான். கல்லூரிச் சுவர்களிலும் பஸ் நிலையங்களிலும் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பார்க்காதவர்கள் உண்டா? 'ஐ.இ.இ.இ. புராஜெக்ட் செய்து தரப்படும்'. மாடல், ரிப்போர்ட், பி.பி.டி., வைவாவுக்குக் கேள்வி பதில் எல்லாம் அடக்கம். இது திருட்டு என்று பேராசிரியர்கள் வருஷா வருஷம் புலம்புகிறார்கள். திருட்டுத்தான். எதைத் திருடினான் என்று மட்டும் பார்க்கிறார்களே தவிர, அவனிடமிருந்து எதைத் திருடினார்கள் என்று ஏன் பார்ப்பதில்லை?

இந்த இடத்தில் என் கணக்கையும் சொல்லியாக வேண்டும். பேங்கில் நான் உட்காரும் கவுண்டருக்குக் கல்விக்கடன் ஃபைல்கள் வரும். கல்விக்கடன் மாதிரித் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. படிப்பை முடிக்கத் தேவையான மற்ற செலவுகள், அதாவது கல்விச் சுற்றுலா, புராஜெக்ட் வேலை, ஆய்வேடு இவற்றுக்கும் கடன் உண்டு. 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் தேவையில்லை. சட்டம் நல்ல சட்டம்தான். சில வருஷத்துக்கு முன் ஒரு அப்பா வந்தார். நம்மாள்தான், பார்த்தவுடனே தெரியும், சட்டையின் முழங்கை வரைக்கும் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. புராஜெக்ட் சென்டர்க்காரன் எழுதிக்கொடுத்தது, 16 ஆயிரம். "சார், கடைசி தவணையில இதயும் சேத்துக் குடுங்க சார்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காலேஜ் பில் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க." விதிப்படி சரி. அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கந்துக்காரனிடம்தான் போயிருப்பார். வேறு எங்கே போவார்?

கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியைத் திட்டி எழுத எனக்கு என்ன யோக்கியதை? அன்றைக்கு அந்தக் கவுண்டரில் இருந்த செக்யூரிட்டி நான்தான். இட ஒதுக்கீட்டில் வந்து உட்கார்ந்த நாற்காலியிலிருந்துகொண்டு விதியைக் காட்டினேன். அன்று ராத்திரி ஒரு கவிதை எழுதினேன். அது ஒரு பத்திரிகையில் வரவும் செய்தது. அவருக்கு 16 ஆயிரம் வரவில்லை. கவிதை எழுதுவதைவிட, அந்தக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி, 'புராஜெக்ட் செலவுக்கு உங்கள் பெயரில் மதிப்பீடு கொடுங்கள், திட்டத்தில் இடமிருக்கிறது' என்று கேட்டிருக்கலாம். இப்போது கேட்கிறேன். பேங்குகளில் இருக்கும் நம் தோழர்கள் எல்லோரும் கேட்க வேண்டும்.

*

இன்னொன்று. எது 'இண்டஸ்ட்ரி'?

அக்கா மகன் முதலில் எடுக்க நினைத்த புராஜெக்ட் என்ன தெரியுமா? வெட்டிய கரும்பைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்து, பலகை மேல் ஏறி லாரியில் போடுகிறார்கள் அல்லவா, அதைத் தூக்க ஒரு சின்னக் கருவி. அவன் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. விழுப்புரம் மாவட்டம் கரும்பு மாவட்டம். முண்டியம்பாக்கத்தில் ஒரு ஆலை, பெரியசெவலையில் கூட்டுறவு ஆலை. ஆலைக்குள் கொதிகலன் இருக்கிறது, டர்பைன் இருக்கிறது. அதெல்லாம் இண்டஸ்ட்ரி. ஆலைக்குக் கரும்பு எந்த இடுப்பின் மேல் ஏறி வருகிறதோ அது இண்டஸ்ட்ரி இல்லை. கைடு சொன்னாராம்: "நல்ல ஐடியாப்பா. ஆனா இதுக்கு எந்தக் கம்பெனி லெட்டர் குடுக்கும்?" அவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருக்கும் படிவத்தில் 'நிறுவனத்தின் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் 'அப்பா' என்று எழுத முடியாது.

நம் ஜனங்கள் சாகிற வேலைகளைப் பாருங்கள். செங்கல் சூளை, சவுக்கு வெட்டு, சாக்கடை. மனிதன் கையால் மலம் அள்ளக் கூடாதென்று 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். செத்தால் 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அது 30 லட்சம் ஆனது. நஷ்ட ஈடு ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. 2018இல் திருவனந்தபுரத்தில் பாண்டிகூட் என்ற எந்திரம் ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கியது. செய்தவர்கள் கேரளத்தைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி இளைஞர்கள். முடியாதது இல்லை. ஆனால் சாக்கடைக்கு ஹெச்.ஆர். கிடையாது, லெட்டர்ஹெட் கிடையாது. 'இண்டஸ்ட்ரியின் சிக்கலைத் தீர்' என்று மட்டும் சொல்லும்போது, லெட்டர்ஹெட் உள்ளவனின் சிக்கல்தான் சிக்கல் என்று ஆகிறது. கார் கம்பெனியில் ஒரு போல்ட் முடுக்க இரண்டு வினாடி குறைப்பது எஞ்சினியரிங். மலக்குழியில் ஒரு உயிர் போகாமல் தடுப்பது சமூக சேவை. யார் பிரித்தது இப்படி?

*

"தனியார் கம்பெனி எதுக்கு இடம் தரணும்? அவன் இஷ்டம்" என்பார்கள். அவன் இஷ்டமா? சிப்காட் 1971இல் அரசு தொடங்கியது. நிலம் எடுத்துக் கொடுத்தது யார், ரோடு போட்டது யார், தண்ணீர் கொடுத்தது யார்? பொது நிலத்தில் நிற்கிறவனுக்குப் பொதுப் பொறுப்பு உண்டு. "இப்படியெல்லாம் எங்க நடக்குது?" என்றும் கேட்பார்கள். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கும்போதே, ஒரு பருவம் படிப்பு, ஒரு பருவம் தொழிற்சாலை என்று வைத்தது. தொழிற்சாலைப் பருவத்துக்குச் சம்பளம் உண்டு. இங்கேயே பிலானியில் 1973 முதல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' நடக்கிறது. மாணவனுக்கு இடத்தை நிறுவனமே ஒதுக்குகிறது, பெரியப்பாவைத் தேடச் சொல்வதில்லை. (அங்கே சேருவதற்கு இட ஒதுக்கீடு இல்லை என்பது வேறு கதை. இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு இட ஒதுக்கீடு தெரியவில்லை!) ஆக, முடியாது என்பது பொய். மனசில்லை என்பதுதான் நிஜம்.

நாம் கேட்பது இதுதான். கிரெடிட் கொடுக்கும் பல்கலைக்கழகமே இடத்தையும் கொடுக்கட்டும். இடங்களின் பட்டியலை வெளிப்படையாக ஒட்டட்டும். கல்லூரிச் சேர்க்கையில் உள்ள அதே ஒதுக்கீடு, பட்டியல் சாதிக்கு 18, பழங்குடிக்கு 1, பிற்படுத்தப்பட்டோருக்கு உள்ளது எல்லாம், இந்தப் பட்டியலிலும் செல்லட்டும். விண்ணப்பத்தில் பதிவு எண் மட்டும் போதும். தெருவும் வேண்டாம், அப்பாவின் தொழிலும் வேண்டாம். உதவித்தொகையும் தங்க இடமும் வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போகிறவனின் மத்தியானச் சாப்பாட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதலில் அரசு நிறுவனங்களிலிருந்து தொடங்கட்டும். விழுப்புரத்திலேயே அரசுப் போக்குவரத்துக் கழகக் கோட்டத்தின் தலைமையகம் இருக்கிறது, பணிமனைகள் இருக்கின்றன. கூட்டுறவு ஆலை இருக்கிறது, மின்வாரியம் இருக்கிறது. கடைசியாக, வயலும் சூளையும் சாக்கடையும் தொழில்தான் என்று எழுதி, அந்தப் புராஜெக்டுக்கும் அதே மதிப்பெண் என்று விதியாக்கட்டும்.

இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதியிருக்கிறேன். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள், பெற்றோர், வாத்தியார்கள் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற சாதி ஏழைப் பிள்ளைகளும் போடலாம். அவர்களும் அதே கேட்டில்தான் நிற்கிறார்கள், கொஞ்சம் தள்ளி. வைவா ஏப்ரலில். அதற்குள் இவனுக்கு ஒன்றும் நடக்காது என்று தெரியும். அடுத்த வருஷம் போகிறவனுக்காவது நடக்க வேண்டும்.

அக்கா மகன் கடைசியில் கேட்டது பணம்தான். "மாமா, ஒரு பதினஞ்சாயிரம் இருந்தா சென்டர்லயே முடிச்சிடலாம்." கொடுக்கமாட்டேன் என்றேன். முகம் சுருங்கிப்போனது. "அந்தக் கரும்பு தூக்கற மிஷின் செய்டா, இரும்பு வாங்க எவ்ளோ ஆவும் சொல்லு, நான் தர்றேன்" என்றேன்.

"கம்பெனி பேரு எழுதற எடத்துல என்ன மாமா எழுதறது?"

பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை. அந்தக் கட்டத்தை அச்சடித்தவர்கள்.